டிரெஸ்ஸர் பிரித்துக் கொடுத்த விரல்கள்

கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு பார்த்தால் ஆஸ்பத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும். நடக்கிறவர்கள் நீந்திப் போவது போல இருப்பார்கள். வெள்ளைச் சேலை நர்ஸம்மா வாசல் பக்கமிருந்து வரும்போது மேகத்தில் ஒரு துண்டு கழன்று வருவது போல இருக்கும். கிட்டே வந்து வலையைத் தூக்கினால்தான் முகமும் சிரிப்பும் தெரியும். என் வலதுகை அந்த வலைக்குள் தனித் தலையணைமேல் கிடந்தது. அது என் கையாகவே எனக்குத் தோன்றவில்லை. துணைக்கு வந்த வேறு யாரோ பக்கத்தில் படுத்திருப்பது போல இருந்தது.

அந்தக் கையைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் எந்த டாக்டர் பார்த்தார் என்றுதான் கேட்கிறார்கள். டாக்டர் பார்த்தார், இல்லையென்று சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் அவர் விருதுநகரிலிருந்து வாரத்துக்கு ஒருதரம் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் என் கை யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். எங்களுக்குக் கரிசல் நிலம் உண்டு, கிணறு கிடையாது. மேலே பார்த்து விதைத்து மேலே பார்த்து அறுக்கிற வெள்ளாமை. ஆனாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் அடுத்தவர் புஞ்சையில் களையெடுக்கப் போனதில்லை. அது எங்களுக்குப் பெரிய பெருமை. நயா பைசா புதிதாகப் புழக்கத்துக்கு வந்த சமயத்தில் மழை அடுத்தடுத்துப் பொய்த்துவிட்டது. பருத்தி முழங்கால் உயரம் ஏறாமலே கருகிப்போனது. தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சீசனுக்கு ஆள் எடுத்தார்கள். கூலிக்குப் போகிறோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. கம்பெனிக்குப் போகிறோம் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டு நானும் என் மதினி குருவம்மாளும் போனோம். மதினி என் வீட்டுக்காரருக்கு அக்காள். கைம்பெண். எங்களோடுதான் இருந்தாள். பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது.

எனக்குத் திரி வேலை. நூலை மருந்துக் கூழில் தோய்த்து இழுத்து, சட்டத்தில் கட்டிக் காயப்போட்டு, காய்ந்த பிறகு அள்ளிக் கட்டாகக் கட்ட வேண்டும். என் திரியில் ஓரிடம் தடிப்பு ஓரிடம் மெலிவு என்று இருக்காது. "சீனியம்மா இழுத்த திரி எதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவேன்" என்று கண்காணி சொல்வார். கூலி வேலையிலும் எனக்கு அப்படி ஒரு கர்வம் சேர்ந்துவிட்டது.

ஒரு மத்தியானம் காய்ந்த திரியை அள்ளிக்கொண்டிருந்தேன். வெயிலோ, உரசலோ, என்னவென்று தெரியாது. சத்தம் கேட்கவில்லை. யாரோ பால் குடத்தைக் கவிழ்த்த மாதிரி வெள்ளையாக ஒரு வெளிச்சம் என் கையைச் சுற்றி நின்றது. அழகாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் சூடு வந்தது.

திரி போடுகிற இடங்களில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. கை வெந்தால் உடனே விரல்களை உள்ளே மடக்கி, நல்லெண்ணெய் விட்டு, வேப்பிலை வைத்து, முட்டிக்கையாக இறுக்கிக் கட்டிவிடுவார்கள். விரல் விரிந்து கிடந்தால் சூடு முழங்கைக்கு ஏறிவிடும் என்பார்கள். மதினி தன் முந்தானையைக் கிழித்து அப்படித்தான் கட்டினாள். அவ்வளவு பிரியத்தோடு கட்டினாள். கட்டிக்கொண்டே அழுதாள். அந்தக் கட்டை அவிழ்க்காமல் வீட்டில் கிடந்தேன். வெந்த கைக்குள் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆறத் தொடங்கியது எங்கள் யாருக்கும் தெரியாது. காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் கூரையிலிருந்து பருத்தி வெடித்துப் பஞ்சாக உதிர்வது போலவே இருந்தது. மழை வந்துவிட்டது, வெள்ளாமை வந்துவிட்டது என்று நான் சிரித்துக்கொண்டு கிடந்தேனாம். மதினி பிறகு சொன்னாள்.

அந்தக் காலத்தில் மலேரியா மருந்தடிக்க வீட்டுக்கு வீடு ஆள் வருவார்கள். காக்கி டவுசர் போட்டு, தோளில் பம்பு மாட்டியிருப்பார்கள். மருந்தடித்த வீட்டுச் சுவரில் அடையாளம் எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெயர் சண்முகம். மருந்தடிப்பதோடு, காய்ச்சல்காரர்கள் இருந்தால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு போவதும் அவர் வேலை. உடம்பில் கொசுக் காய்ச்சல் இருக்கிறதா என்று அந்தச் சொட்டை வைத்துப் பார்ப்பார்கள்.

"விரலக் காட்டுங்கக்கா" என்றார். நான் இடதுகையை நீட்டினேன்.

"அந்தக் கைக்கு என்ன?"

மதினி முந்திக்கொண்டாள். "அது சும்மா சூடு பட்டது. நாங்க கட்டியிருக்கோம். நீங்க கொசுவப் பாருங்க."

அவர் கொசுவைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டின் பக்கம் மூக்கை வைத்தார். நிமிர்ந்து, "இது கொசுக் காய்ச்ச இல்ல. கை சீழ் வச்சிருக்கு. ஜீப்பு ஊருணிக்கு அங்கன நிக்குது. இப்பவே ஏத்துங்க" என்றார்.

"எங்க?"

"சிவகாசிக்கு. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு."

"தர்மாஸ்பத்திரிக்கா? எங்க வீட்டுப் பொம்பளையவா? எங்க தம்பி தீவனம் வாங்கப் போயிருக்கான். வரட்டும். காசு குடுத்தே வைத்தியம் பாப்போம்."

"ஒங்க தம்பி வர்ற வரைக்கும் கை காத்துக்கிட்டு இருக்காது ஆத்தா. நீங்களும் ஏறுங்க. சண்ட போடணும்னா வழியில போடலாம்."

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். ஜீப்பில் மருந்துத் தகரங்களுக்கும் பம்புகளுக்கும் நடுவில் என்னைக் கிடத்தினார்கள். தகரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன. வானம் கூடவே வந்தது. வழியெல்லாம் மதினி என்னவோ திட்டிக்கொண்டு வந்தாள், சண்முகம் என்னவோ பதில் சொன்னார். கல்யாண வண்டியில் போவது போல எனக்கு மனசு லேசாக இருந்தது. காய்ச்சல் அவ்வளவு.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் சிஸ்டர்தான் என்னை வாங்கிக்கொண்டார். நாசரேத்துப் பக்கத்துக்காரர். குரல் அதிர்ந்து பேசமாட்டார். கட்டை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. துணி புண்ணோடு ஒன்றாகிவிட்டது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கையைத் துணியோடு ஊறவைத்தார். ஊற ஊறத் துணி இழை இழையாக மிதந்து வந்தது. மதினியின் சேலைக்கரை சிவப்பு. அது தண்ணீரில் சுருள் சுருளாகப் பிரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசி போட்டார். பென்சிலின் என்றார். புண்ணில் இருக்கிற விஷம் ரத்தத்தில் ஏறி ஆளைக் கொல்லாமல் தடுக்கிற மருந்து. அதை நேரம் தவறாமல் போட வேண்டும். ராத்திரியும் பகலும் எனக்குக் குழம்பிப்போன நாட்களில், எஸ்தர் சிஸ்டரின் ஊசி வந்தால் ஒரு பொழுது கழிந்தது என்று வைத்துக்கொள்வேன்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பெருவிரல் நன்றாக இருந்தது. மற்ற நான்கும் உள்பக்கம் வளைந்து, அடியில் தோல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. எனக்குப் புரியும்படி சொன்னார். "வெந்த தோல் ஆறும்போது சுருங்கும்மா. ஈரத்தோலு வெயில்ல சுருங்குற மாதிரி. சுருங்கும்போது பக்கத்து விரலையும் இழுத்துக்கும். இப்ப பிஞ்சாத்தான் ஒட்டியிருக்கு. கட்டு மாத்தும்போது கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு, தனித்தனியாக் கட்டி, விரிச்சே வச்சிருந்தா தப்பிக்கும். இல்லேன்னா மதுரைக்கு அனுப்பணும். கத்தி வச்சுப் பிரிச்சு, தொடையில தோலெடுத்து ஒட்டணும். அப்பவும் கை பழையபடி வருமான்னு சொல்ல முடியாது."

"யாரு பிரிப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம தேவசகாயம் இருக்காரே" என்றார் டாக்டர்.

தேவசகாயம்தான் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவருக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர். கட்டையாக, கறுப்பாக, மீசையை முறுக்கி விட்டிருப்பார். தன் வேலையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் என் பெருமையெல்லாம் ஒன்றுமே இல்லை. "இந்தத் தாலுகாவுல நான் கட்டாத கையி இல்ல, காலு இல்ல" என்று வாசலில் வரும்போதே சொல்லிக்கொண்டு வருவார். பாதிப் பேச்சு பொய்யாக இருக்கும். வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் அவர் தட்டோடு வந்ததும் நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். "நர்ஸம்மா வந்து கட்டட்டும். ஆம்பள ஆளு தொட்டு எனக்குப் பழக்கமில்ல" என்றேன்.

"நர்ஸம்மா வார்டு பூராவையும் பாக்கணும். கட்டு என் பாடு."

"அப்ப கட்டே வேண்டாம். எங்களுக்கு நெலம் இருக்கு. நாங்க தர்மத்துக்கு வைத்தியம் பாக்குற ஆளுக இல்ல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு தாயி. இதுக்கு யாரு தர்மம் பண்ணுறா? ஒன் வீட்டு நெலவரி போகுதுல்லா, அதுலதான் இந்தப் பஞ்சு. நீ வாங்குற தீப்பெட்டியில வரி இருக்குல்லா, அதுலதான் இந்த மருந்து. ஒன் காசுலதான் நான் சோறு திங்கேன். வேல வாங்காம விடப் போறியா? இந்த வாசலுக்குள்ள வந்த பொறவு அது ஒன் கையில்ல. சர்க்கார் கை. காட்டு."

மதினி பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளிடம், "கையிக்கும் பட்டா மாத்திட்டான் பாத்தியா" என்றாள். வார்டே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் கையை வெளியே நீட்டிவிட்டேன்.

கட்டு மாற்றுவது எப்படியென்று சொல்கிறேன். முதலில் உப்புத்தண்ணீரில் ஊறல். பழைய துணி தானாகக் கழன்று வரும்வரை பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு செத்த தோலைச் சின்னக் கத்தரியால் எடுப்பார். வெள்ளையாகக் கிடப்பதை வெட்டினால் வலிக்காது, அது செத்தது. சிவப்பாக இருப்பதில் பஞ்சு பட்டாலே உயிர் போகும், அது உயிரோடு இருக்கிறது. வலிக்கிற இடம்தான் நல்ல இடம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு விரல்களுக்கு நடுவில் தன் விரலை விட்டு, நூல் பிரிக்கிற மாதிரி, ஒட்டின தோலை விலக்குவார். ஒரு நாளைக்கு ஒரு பொட்டு அளவுதான். அவர் கண் அப்போது கையில் இருக்காது. எங்கேயோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, விரல் நுனியால் தடவித் தடவியே எது விடும் எது விடாது என்று தெரிந்துகொள்வார். விலக்கின இடத்தில் வாஸ்லின் தடவின வலைத்துணி வைத்து, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் சட்டை போடுவது போலச் சுற்றுவார். கடைசியில் உள்ளங்கைக்கு அடியில் ஒரு மட்டையை வைத்து, நான்கு விரலும் மேலே நீண்டிருக்கும்படி சேர்த்துக் கட்டுவார்.

விலக்குகிற நேரத்தில் என்னைப் பேசச் சொல்வார். "சோளம் எப்பிடி வெதைப்பீக? சொல்லு. எனக்கு ஒண்ணுந் தெரியாது. நான் தேரிச் செம்மணலுக்காரன். பனைதான் தெரியும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். உழவு, பொழுது, சால் பிடிப்பது எல்லாம் சொல்வேன். அவர் வேண்டுமென்றே தப்பாகக் கேட்பார். "அப்ப சோளத்த நாத்து விட்டு நட மாட்டீகளா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு பொட்டு விலகியிருக்கும்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாளைக்கு ஒருதரம் நடந்து வருவார். பெண்கள் வார்டுக்குள் வரக் கூச்சம். வெளியே ஜன்னலடியில் நின்று பேசுவார்.

"கை எப்பிடி இருக்கு?"

"இருக்கு. நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். மேற்க மேகம் கூடிருக்கு. அதப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மேகத்தைப் பார்க்க யாரும் வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசிக்கு நடந்து வரமாட்டார்கள். துண்டில் முடிந்து நுங்கு கொண்டுவந்திருப்பார். ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொன்றாகக் கொடுப்பார். மதினி தோண்டி என் வாயில் வைப்பாள். அவர் அண்ணாந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காய்ச்சல் விட்டது. வலைக்குள் கிடக்கிறதே ஒரு சுகமாகிவிட்டது. பினாயில் வாசனையும், பக்கத்து வேம்பின் பூ வாசனையும், எங்கிருந்தோ அச்சு மிஷின் ஓடுகிற சத்தமும் கலந்து வரும். தூக்கமா விழிப்பா என்று தெரியாது. ஆள்காட்டி விரல் ஒரு நாள் தனியாக வந்தது. கன்று எழுந்து நிற்பது போல ஆடிக்கொண்டு நின்றது. தேவசகாயம் அதைப் பிடித்து வார்டு முழுக்கக் காட்டினார். "இன்னும் மூணு பாக்கி. அடுத்த தடவ பெரிய டாக்டர் வரும்போது நாலையும் நிறுத்திக் காட்டுறேன். இல்லேன்னா என் மீசைய எடுத்துருதேன்" என்றார்.

"மீச போனா மொகத்துல வேற என்ன இருக்கு?" என்றாள் மதினி.

அடுத்த நாள் காலை அவர் என் கட்டை அவிழ்த்து ஊறப்போட்டிருந்த நேரத்தில் விஸ்வநத்தம் பக்கமிருந்து சத்தம் வந்தது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு வேடிக்கைச் சத்தமும் விபத்துச் சத்தமும் வேறு வேறென்று தெரியும். தேவசகாயம் எழுந்தார். "சிஸ்டர், இந்தக் கைய நீங்க முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரி வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் வண்டி பல நடை போய்வந்தது. வராந்தாவெல்லாம் பாய் விரித்தார்கள். என் கட்டிலில் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டார்கள். முதுகு பூராவும் வெந்திருந்தது. கொசுவலையை அவளுக்கு விட்டுவிட்டு நானும் மதினியும் வராந்தாத் தூணடிக்கு வந்தோம். வலைக்கு வெளியே எல்லாம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

கடைசி நடையில் தேவசகாயமும் படுத்துக்கொண்டு வந்தார். எரிகிற சேலையோடு ஓடிவந்த ஒருத்தியைப் பிடித்து, வெறும் உள்ளங்கையாலேயே தட்டித் தட்டி அணைத்திருக்கிறார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. என் பக்கத்துத் தூணில் சாய்த்து உட்காரவைத்தார்கள். இரண்டு கையையும் நெஞ்சோடு அணைத்து முட்டிக்கையாக மூடிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் சிஸ்டர் தட்டோடு வந்தார். "விரிங்கண்ணே."

அவர் விரிக்கவில்லை. வாய் "விரிக்கேன், விரிக்கேன்" என்றது. கை கேட்கவில்லை. தாலுகாவிலுள்ள கையெல்லாம் கட்டினவர், தன் விரலை நீட்ட மாட்டாமல் சின்னப் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இடதுகையை ஊன்றி அவர் பக்கம் நகர்ந்தேன்.

"ஐயா, காட்டுங்க. இந்த வாசலுக்குள்ள வந்த பொறவு அது ஒங்க கையில்ல. சர்க்கார் கை."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. சிரித்த அந்த நேரத்தில் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. எஸ்தர் சிஸ்டர் அந்த இடைவெளிக்குள் வலைத்துணியை நுழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் கையை யார் பார்ப்பது? எஸ்தர் சிஸ்டருக்கு மூச்சுவிட நேரமில்லை. வராந்தா முழுக்க வெந்த உடம்புகள். என் கை அவற்றுக்கு முன்னால் சின்ன விஷயம். ஆனால் ஒரு நாள் பிரிக்காமல் விட்டால், பிரித்தது மறுபடி ஒட்டும் என்று எனக்குத் தெரியும். மதுரைக் கத்தி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

தேவசகாயம்தான் ஆளைக் கண்டுபிடித்தார். "ஏ குருவம்மா, இங்க வா. நீ கட்டு."

"நானா? நான் கட்டித்தானே இம்புட்டு வினை" என்றாள் மதினி. அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"கட்டத் தெரிஞ்சவதானே கட்டுன. மூடிக் கட்டுன கைய இப்ப தெறந்து கட்டு. அம்புட்டுதான். உப்புத்தண்ணி கொண்டா."

அவர் இரண்டு கையும் வெள்ளை மூட்டைகளாக மடியில் கிடக்க, ஸ்டூலில் உட்கார்ந்து வாயாலேயே வேலை வாங்கினார். "மெதுவா. அது வெரலு, வெண்டிக்கா இல்ல, ஒடிக்காத." மதினி திரும்பிப் பார்த்து முறைப்பாள். "பேசாம இருக்கீகளா, இல்ல ஒங்க வாயிக்கும் ஒரு கட்டுப் போடட்டுமா?" நான் சோளக்கதையை நானாகவே சொல்லத் தொடங்கினேன். கேள்வி கேட்க அவருக்கு அப்போது தெம்பில்லை.

அப்படியே நாட்கள் போயின. ஆள்காட்டி விரலோடு நடுவிரல் நின்றது. மோதிர விரலும் விலகி வந்தது. கடைசி விரலில்தான் எனக்கு வலி அதிகம். நான் முனகினால் மதினி அங்கே போகமாட்டாள். துணியைச் சுற்றி, மட்டைக்கு ஓரமாக, இளைப்பாறட்டும் என்று விட்டுவிடுவாள். தேவசகாயம் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சுண்டுவிரல் தெரியாது. முன்பெல்லாம் அவர் கண்ணால் பார்த்தே வேலை செய்ததில்லை. தடவித்தான் பார்ப்பார். அந்த நாட்களில் தடவிப் பார்க்க அவருக்குக் கை இல்லை.

பெரிய டாக்டர் வந்த காலையில் மதினி என்னை வார்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டை அவிழ்த்தாள். மூன்று விரலும் நிமிர்ந்து நின்றன. டாக்டர் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் உள்ளங்கையைப் பார்த்து வளைந்து, அப்படியே உறைந்திருந்தது. டாக்டர் யோசித்தார்.

"மதுரை வேண்டாம்மா. இந்தக் கை போதும், எல்லா வேலையும் செய்யலாம். இந்த ஒரு விரலு மட்டும் இப்பிடியே இருக்கும்" என்றார்.

மதினி தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஜன்னலடியில் நின்ற என் வீட்டுக்காரர் மேகத்தைப் பார்க்கிற சாக்கை விட்டுவிட்டு, முதல்முதலாக வார்டு வாசலுக்குள் வந்து நின்றார். தேவசகாயம் மட்டும் சந்தோஷப்படவில்லை. என் பக்கத்தில் வந்து சுண்டுவிரலையே பார்த்தார்.

"எனக்கு இது போதும்யா" என்றேன்.

"ஒனக்குப் போதும் தாயி" என்றார். மறுநாள் பார்த்தால் மீசை இல்லை. இரண்டு கையும் கட்டோடு இருக்கிறவர், நாவிதரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். மதினி அதைப் பார்த்தாள். கேலி செய்ய வாய் வரைக்கும் வந்தது, செய்யவில்லை. உப்புத்தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முதுகு வெந்த அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போனாள். நாங்கள் ஊருக்குப் புறப்படுகிற வரைக்கும் அவள் வார்டில் ஓயாமல் யாருக்காவது கட்டு அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊருக்கு வந்த பிறகு மழை பெய்தது. நான் மறுபடி கம்பெனிக்குப் போகவில்லை. மாதம் ஒருதரம் சிவகாசிக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு வருவேன். ஒரு தடவை போனபோது தேவசகாயத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள்.

வருஷங்கள் போயின. எங்கள் பக்கத்திலேயே புதிதாக ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி திறந்தார்கள். காலில் முள் குத்திப் பழுத்து ஒருநாள் போனேன். கட்டுப் போட ஒரு இளவட்டம் இருந்தான். காலைக் கட்டி முடித்தவன், நான் எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது பார்த்துவிட்டான். கையை வாங்கித் திருப்பினான். ஒவ்வொரு விரலாகத் தடவினான். விரலுக்கு நடுவே தையல் போல ஓடுகிற வெள்ளைக் கோட்டில் அவன் நகம் மெல்ல ஏறி இறங்கியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வெடிமருந்துல வெந்த கைதானே? கத்தி வைக்காமலே பிரிச்சிருக்காகளே. யாரு கட்டுனது?"

"சிவகாசியில தேவசகாயம்னு ஒரு டிரெஸ்ஸர்."

"நல்லா கட்டியிருக்காரு." சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தான். அது வரவில்லை. "இத மட்டும் ஏன் விட்டுட்டாரு?"

எனக்குச் சுருக்கென்றது. "அவுக விடல தம்பி" என்றேன். "அந்த நாள்ல அவுக கையும் கட்டுல இருந்துச்சு."

அவன் விரலை விடாமல் என் முகத்தைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவன் போல இருந்தான்.

"அவரு கை என்ன ஆச்சு?"

"அம்புட்டு வெரலும் விரிஞ்சிருச்சு" என்றேன். "எஸ்தர் சிஸ்டர் கட்டுனாக."